திரை சரிவரவில்லை என்றால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

“தம்பி, நீங்க போட்டுத் தந்தது சரிவருதில்ல.” எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த ஒற்றை வசனத்தோடுதான் தொடங்கும். என்ன சரிவரவில்லை என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியல்ல, கஷ்டமா இருக்கு” என்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிறு நோகிறது என்று சொல்வது நோயாளியின் வேலை, எதனால் என்று கண்டுபிடிப்பது வைத்தியரின் வேலை. மென்பொருளின் திரையை வரைந்தவர்தான் இங்கே வைத்தியர்.

திருகோணமலையில் சிறிய இடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். மீன் வாங்கும் வாடி, உப்புவெளிப் பக்கத்து விடுதி, நகரத்தில் ஒரு மருந்துக் கடை, கிண்ணியாவில் ஒரு பலசரக்குக் கடை என்று போன இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். தலைப்புகள் அவர்கள் வாயால் வந்த சொற்கள். உங்கள் திரைக்கு எது பொருந்துகிறதோ நேரே அங்கே போகலாம்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்

போனில் தீர்க்கப் பார்க்காதீர்கள். அந்த இடத்துக்கே போய், வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில், பாவிப்பவருக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு அரை மணி நேரம் இருங்கள். மௌஸில் கை வைக்கக் கூடாது. “அது இல்ல, பக்கத்தில உள்ளதை அமத்துங்க” என்று வாய்வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்தால் கோளாறு அந்த நேரத்துக்கு மறைந்து, நீங்கள் வீட்டுக்குப் போனதும் திரும்பி வரும். கை எங்கே நின்றது, கண் எங்கே திரும்பிப் போனது, வாய் என்ன சொன்னது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? திரைகள் பாவிக்க இலகுவா என்று ஆராயும் துறையில் பெயர் பெற்ற யேக்கப் நீல்சன் 2000 ஆம் ஆண்டில் எழுதிய கணக்குப்படி, ஒரே வகையான 5 பேரைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும். ‘ஒரே வகை’ என்பதைக் கவனியுங்கள். வாடியில் மீன் பதிபவரும், பின்னேரம் கணக்குப் பார்க்கும் அக்காவும் ஒரே மென்பொருளைத்தான் தொடுகிறார்கள், ஆனால் அவர்கள் இரண்டு வகை. தனித்தனியே பார்க்க வேண்டும்.

“முதல்ல கொப்பியில எழுதிட்டு, பிறகு இதில போடுறம்”

எல்லா அறிகுறிகளிலும் கடுமையானது இதுதான். ஏனென்றால் எதுவும் உடைந்திருக்காது, பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனால் வேலை இரண்டு மடங்காகியிருக்கும். கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி திறந்து கிடந்தால் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் வரைந்திருக்க வேண்டிய திரை அதற்குள் இருக்கும்.

ஒரு மீன் வாடிக்கு நான் முதலில் வரைந்த திரையில், மேலே திகதி, சிட்டை இலக்கம், வள்ளத்தின் பதிவு இலக்கம், உரிமையாளர் பெயர் இருந்தன. அதற்குக் கீழே மீன் வகை, விலை, நிறை, தொகை. தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளத்தின் அட்டவணையில் எந்த ஒழுங்கில் இருந்ததோ அந்த ஒழுங்கு. மேலே உள்ளவற்றை நிரப்பாமல் கீழே இறங்க முடியாது, விலை போடாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. அறையில் இருந்து பார்க்கும்போது எனக்கு அது மிக ஒழுங்காகத் தெரிந்தது.

விடியற்காலை அங்கே போய் இருந்தபோது பார்த்தது வேறு. வள்ளம் கரைக்கு வந்ததும் நிறுப்பவர் உரத்துச் சொல்லத் தொடங்குகிறார்: “பாரை பன்னெண்டரை. சூரை நாப்பது. சூரை முப்பத்தெட்டு. அறுக்குளா ஆறு.” எழுதுபவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது மீனும் நிறையும்தான். ஒரே மீன் நாலைந்து கூடையாக வரும், ஒவ்வொன்றும் தனி வரி. முதல் வள்ளத்தின் மிச்சக் கூடைகள் இறங்க முன்பே அடுத்த வள்ளம் வந்து நிற்கும். விலை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும், முதலாளி கொழும்பு விலையைப் போனில் கேட்டறிந்த பிறகு. பதிவு இலக்கத்தை அங்கே யாரும் சொல்வதே இல்லை. வள்ளக்காரரின் பட்டப்பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

கொப்பியில் எல்லாம் அப்படியே இருந்தது. பக்கத்தின் தலையில் பட்டப்பெயர், அதன் கீழே மீனும் நிறையும், வலப்பக்கம் விலைக்காக வெறுமையாக விட்ட ஒரு பத்தி.

இதைத் திருத்த, முதலில் கொப்பியின் பத்திகளையும் திரையின் பெட்டிகளையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது எப்போது தெரியவரும்’ என்று குறியுங்கள். திரை கேட்கும் நேரத்தில் கைவசம் இல்லாத தகவல் எதுவோ, அதுதான் ஆளைக் கொப்பிக்குத் துரத்துகிறது. அதைக் கட்டாயம் ஆக்காதீர்கள். விலை இல்லாத சிட்டை ‘விலை இன்னும் இல்லை’ என்று பளிச்சென்று தெரியும்படி நிற்கட்டும். அன்றைய கணக்கை மூடும்போது மட்டும் கட்டாயம் கேட்கலாம். அடுத்ததாக, பாதியில் நிற்கும் சிட்டைகள் இரண்டு மூன்றைத் திறந்தபடி வைத்திருக்கவும், ஒரே தட்டலில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகவும் இடம் கொடுங்கள். திகதி, சிட்டை இலக்கம் போல கணினிக்கே தெரிந்தவற்றை மனிதரிடம் கேட்காதீர்கள்.

கையின் பாதையையும் பாருங்கள். நிறையைத் தட்டி என்டர் அமத்தினால் அடுத்த வரியின் மீன் பெட்டிக்குப் போக வேண்டும். மீனின் முதல் எழுத்தைத் தட்டியதும் அன்று அதிகம் வந்த மீன் மேலே நிற்க வேண்டும். அப்படி இருந்தால் மௌஸ் தேவையே வராது. நிறுப்பவரின் குரலோடு ஓடிப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. அவர் ஒரு முறைகூட “கொஞ்சம் பொறுங்க” என்ற சொல்லைக் கேட்கக் கூடாது.

இவ்வளவும் செய்து கொப்பி இன்னும் மேசையில் இருந்தால், அது நம்பிக்கை போன அறிகுறி. எப்போதோ ஒரு நாள் கரண்ட் போய் பதிவு அழிந்திருக்கும். அதற்கு மருந்து வாய்ச்சொல் இல்லை. ஒவ்வொரு வரியும் என்டர் அமத்திய கணத்திலேயே தானாகச் சேமிக்கப்பட வேண்டும், கரண்ட் வந்ததும் அதே சிட்டை அதே வரியில் திறக்க வேண்டும். அவர் முன்னாலேயே வயரைக் கழற்றிக் காட்டுங்கள். நான் மூன்று முறை கழற்றிக் காட்டினேன். மூன்றாம் முறை முதலாளியே கழற்றினார். அடுத்த கிழமை கொப்பி லாச்சிக்குள் போயிருந்தது.

“எங்க அமத்துறது?”

திரை திறக்கிறது. கண் மேலும் கீழும் ஓடுகிறது. கை அசையவில்லை.

ஆறடி தள்ளி நின்று கண்ணை இடுக்கித் திரையைப் பாருங்கள். எழுத்து மங்கிவிடும், எது எடுப்பாக நிற்கிறது என்பது மட்டும் தெரியும். எட்டுப் பொத்தான்கள் ஒரே பருமனில் ஒரே நிறத்தில் வரிசை கட்டி நின்றால், எதை முதலில் செய்வது என்று நீங்கள் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த முடிவைத்தான் பாவிப்பவர் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாளில் எந்தப் பொத்தான் எத்தனை முறை அமத்தப்படுகிறது என்று எண்ணுங்கள். நூறு முறை அமத்தப்படுவது பெரிதாக, நிறம் நிரம்பியதாக இருக்கட்டும். ஐந்து முறை அமத்தப்படுவது வெறும் கோட்டுச் சட்டத்தோடு நிற்கட்டும். மாதம் ஒரு முறை தேவைப்படுவது பட்டியலுக்குள் போகட்டும்.

இடமும் முக்கியம். ஓர் இலக்கைக் கை தொட எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் பருமனையும் பொறுத்தது என்று போல் பிட்ஸ் என்ற உளவியலாளர் 1954 இல் அளந்து காட்டினார். கடைசியாக நிரப்பும் பெட்டி இடப்பக்கம் கீழே, ‘சிட்டை போடு’ பொத்தான் வலப்பக்கம் மேலே என்றால், நாள் முழுக்க அந்தக் கை திரையைக் குறுக்கே கடந்துகொண்டிருக்கும்.

பிறகு சொல்லைப் பாருங்கள். மருந்துக் கடையில் ‘பெறவேண்டிய கணக்குகள்’ என்று எழுதியிருந்த பொத்தானை ஒருவரும் தொடவில்லை. அதையே ‘கடன்’ என்று மாற்றினேன். அன்று முதல் அதுதான் அதிகம் பாவிக்கப்படும் பொத்தான். வெறும் படங்களை மட்டும் வைத்திருந்தால் கீழே சொல்லையும் எழுதுங்கள். சேமிப்பதற்குப் பிளொப்பி வட்டின் படம் போடுகிறோம். அங்கே வேலை செய்யும் பிள்ளை பிளொப்பியைக் கண்ணால் கண்டதில்லை.

“ரெண்டு சிட்டை வந்திட்டு”

ஒரே விற்பனை இரண்டு முறை பதிவாகியிருக்கும். பாவித்தவர் அவசரப்பட்டார் என்று சொல்லத் தோன்றும். அவர் அவசரப்படவில்லை, திரைதான் பதில் சொல்லவில்லை.

மனிதருக்கு 0.1 செக்கனுக்குள் பதில் வந்தால் தன் கையே செய்தது போல இருக்கும். 1 செக்கன்வரை யோசனை அறாமல் காத்திருப்பார். 10 செக்கனைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். பல ஆண்டுகளாக இத்துறையில் வைத்திருக்கும் அளவு இது. ஆகவே பொத்தானை அமத்திய கணமே அது நிறம் மாறிக் காட்ட வேண்டும். வேலை முடியும்வரை இரண்டாம் முறை அமத்த இடம் கொடுக்கக் கூடாது. 1 செக்கனுக்கு மேல் எடுக்கும் என்றால் ‘பதிகிறது’ என்று எழுதிக் காட்டுங்கள். முடிந்ததும் ‘சிட்டை பதிந்தது’ என்று இலக்கத்தோடு சொல்லுங்கள். இலக்கம் தெரிந்தால்தான் மனம் அமைதியாகும்.

திரையில் மட்டும் தடுத்தால் போதாது. இணையம் இழுபடும் இடங்களில் ஒரே கோரிக்கை இரண்டு முறை போய்ச் சேரும். ஒவ்வொரு சிட்டைக்கும் திரை திறக்கும்போதே ஒரு தனி அடையாளத்தைக் கொடுத்துவிட்டு, அதே அடையாளம் மறுபடி வந்தால், பதிவுகளை வாங்கிச் சேமிக்கும் கணினியான சேவையகம் அதைப் புதிய சிட்டையாக எடுக்காமல் விட வேண்டும்.

“ஓம் எண்டு அமத்திட்டன், எல்லாம் போச்சு”

‘நிச்சயமாக அழிக்கவா? ஓம் / இல்லை’ என்று கேட்டோமே, பிறகு எப்படி அழிந்தது? அந்தக் கேள்வியை ஒரு நாளில் நாற்பது முறை கேட்டதால்தான். முப்பத்தொன்பது முறை ‘ஓம்’ சரியான பதில். கை அதைப் பழகிவிட்டது, நாற்பதாம் முறை கண் வாசிக்கவே இல்லை. மருந்துக் கடையில் அப்படி ஒரு வாடிக்கையாளரின் முழுக் கடன் கணக்கும் போனது. அந்தப் பிள்ளை அழுததை நான் மறக்கவில்லை. அவள் மேல் ஒரு பிழையும் இல்லை, பிழை என் திரையில் இருந்தது.

கேள்வியை எடுத்துவிடுங்கள். அழி என்றால் உடனே அழியட்டும், ஆனால் ‘அழித்தாயிற்று. மீட்டெடு’ என்று ஒரு வரி திரையில் நிற்கட்டும். உள்ளே உண்மையில் எதையும் அழிக்காமல் ஒதுக்கி வையுங்கள். காசு சம்பந்தப்பட்ட சிட்டைகளை ஒருபோதும் அழிக்க விடக் கூடாது. ‘இரத்து’ என்று குறித்து அதே இலக்கத்தோடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பார்க்கும்போது இலக்கங்களுக்கு நடுவே ஓட்டை விழும்.

மீட்கவே முடியாத செயல் என்றால் மட்டும் கேளுங்கள். அப்போதும் ‘ஓம்’, ‘இல்லை’ வேண்டாம். என்ன போகப்போகிறது என்று பெயரோடும் தொகையோடும் சொல்லி, செயலின் பெயரையே பொத்தானில் எழுதுங்கள்: ‘கணக்கை அழி’, ‘வைத்திரு’. விடுதியில் ஒரு முறை இதைவிடக் குழப்பமான ஒன்றைக் கண்டேன். ‘முன்பதிவை இரத்துச் செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘சரி’, ‘இரத்துச் செய்’ என்று இரண்டு பொத்தான்கள். முன்பதிவை இரத்துச் செய்ய எதை அமத்துவது? வரவேற்பில் இருந்த தம்பி இரண்டையும் தொடாமல் கொம்பியூட்டரையே அணைத்துவிடுவாராம்.

“என்ட அடையாள அட்டையை எடுக்குதில்ல”

படிவம் ஒரு சரியான தகவலை ‘தவறானது’ என்று திருப்பி அனுப்பினால், அதை எழுதியவருக்கு நாட்டை முழுக்கத் தெரியவில்லை என்று பொருள். நம் நாட்டில் இரண்டு வகை அடையாள அட்டை இலக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பழையதில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கம், எழுத்து இல்லை. இரண்டையும் ஏற்க வேண்டும். எழுத்தைச் சிறியதாகத் தட்டினாலும் பெரியதாகத் தட்டினாலும் ஏற்க வேண்டும்.

இதில் ஒரு பிழையை நான் இரண்டு இடங்களில் கண்டிருக்கிறேன். இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருக்கும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். நிரல் எழுதியவர் ‘ஆண்டில் 366 நாளுக்கு மேல் இல்லை’ என்று ஒரு சோதனை வைத்துவிட்டால், ஒரு பெண்ணின் அட்டையைக்கூட அந்தப் படிவம் ஏற்காது. சோதித்தவர்கள் எல்லாரும் ஆண்கள் என்றால் இது கடைசிவரை வெளியே வராது.

பெயரும் அப்படித்தான். ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்தால், தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்திருக்கும் ஒருவர் எதை எங்கே போடுவார்? சிலர் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக்குகிறார்கள், சிலர் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். விடுதியின் பதிவேட்டில் புள்ளிகளையே குடும்பப்பெயராகக் கொண்ட பலர் தங்கியிருந்தார்கள். ‘முழுப்பெயர்’ என்று ஒரு நீளப் பெட்டி போதும். வேண்டுமானால் ‘எப்படி அழைப்பது’ என்று இன்னொன்று, கட்டாயமில்லாமல்.

தொலைபேசி இலக்கத்தை 026 என்று தொடங்கினாலும், 077 என்று தொடங்கினாலும், நடுவில் இடைவெளி விட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளியை அகற்றும் வேலை கணினிக்கு ஒரு சிரமமும் இல்லை. பிழை உண்மையிலேயே இருந்தால், ‘தவறான உள்ளீடு’ என்று மேலே சிவப்பில் எழுதாமல், அந்தப் பெட்டிக்குக் கீழேயே ‘ஓர் இலக்கம் குறைகிறது’ என்று சொல்லுங்கள். தட்டிய மற்றவை அழியக் கூடாது.

“தமிழுக்கு மாத்தினா எல்லாம் குழம்புது”

பலர் திரையை ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டு, கடைசி நாளில் சொற்களை மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவன எல்லாம் அந்த ஒழுங்கின் விளைவு. முதல் படமே தமிழில் இருக்க வேண்டும். எது குழம்புகிறது என்று பார்த்துப் பிரியுங்கள்.

பொத்தானுக்குள் சொல் அடங்காமல் வெட்டுப்பட்டால், பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுத்திருக்கிறீர்கள். சொல்லின் நீளத்துக்கு விரியவிடுங்கள். எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டால் வரி உயரம் போதாது. ‘கீ’யின் மேற்சுழியும் ‘கூ’வின் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். சிங்களமும் அதே திரையில் வரும் என்றால் இன்னும் கொஞ்சம் விடுங்கள்.

பெயர்கள் பாதியில் அறுந்து, கடைசியில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ வந்தால், கோளாறு தரவுத்தளத்தில். ‘திருகோணமலை’ நம் கண்ணுக்கு 6 எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் அது 10 குறியீடுகள், அதைச் சேமிக்கும் யூ-டி-எப் 8 முறையில் 30 பைட் இடம். 20 பைட் இடத்துக்குள் அதைத் திணித்தால் ‘திருகோ’ வரைக்கும் வந்து உடையும். 5 குறியீட்டோடு வெட்டினால் ‘திருக’ என்று நிற்கும், ‘கோ’வின் கொம்பும் காலும் கழன்றுவிடும். இடத்தைப் பெருப்பியுங்கள். வெட்டியே ஆக வேண்டுமானால் முழு எழுத்தின் எல்லையில் வெட்டுங்கள்.

பழைய கோப்புகளைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் குவிந்து வந்தால், அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டவை. நம் நாட்டில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டே உள்ளே எடுக்க வேண்டும். எழுத்துருவை நிறுவிச் சமாளித்தால் தேடல் வேலை செய்யாது.

வசனம் செயற்கையாக ஒலித்தால், துண்டுகளை ஒட்டி வசனம் செய்திருக்கிறீர்கள். ‘இல்’ என்பதை ஊர்ப்பெயரின் பின்னால் ஒட்டினால் ‘மூதூர் இல்’, ‘கிண்ணியா இல்’ என்று வரும். நாம் எழுதுவது மூதூரில், கிண்ணியாவில். ஒவ்வொரு பெயருக்கும் விதி எழுதுவதைவிட, ‘இடம்: கிண்ணியா’ என்று வேற்றுமை உருபே வராதபடி திரையை அமைத்துவிடலாம். இயந்திர மொழிபெயர்ப்பையும் ஒரு தரம் வாசியுங்கள். முகப்புக்கு ‘வீடு’ என்றும், பின்செல்வதற்கு ‘முதுகு’ என்றும் போட்ட திரையைக் காசு கொடுத்து வாங்கிய கடையை நான் பார்த்திருக்கிறேன்.

மொழி மாற்றும் பொத்தானை அமைப்புகளுக்குள் ஒளிக்காதீர்கள். ஒரே மேசையில் காலையில் தமிழ் பேசுபவரும் மாலையில் சிங்களம் பேசுபவரும் இருப்பது இங்கே சாதாரணம். மேல் மூலையில், அந்தந்த மொழியின் பெயரை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதி வையுங்கள்.

“வெளியில ஒண்டும் தெரியல்ல”

கடற்கரையில் பகல் பத்து மணிக்குப் போனைப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் இளஞ்சாம்பல் எழுத்து, அறைக்குள் அழகாக இருந்தது, அங்கே காணாமல் போயிருக்கும். டபிள்யூ-சி-ஏ-ஜி என்ற இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டைக் குறைந்த அளவாகக் கேட்கின்றன, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. அது அறைக்கே குறைந்த அளவு. வெயிலுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான்.

விரல் தவறினால் பொத்தானை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். கூகுள் 48 டிபி (திரையில் பருமனை அளக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் என்று சொல்கிறது. மீன் தொட்ட கைக்கு அதுவும் சிறிது. திரையில் விழுந்த தண்ணீர்த் துளியை விரல் என்று போன் எடுத்துக்கொள்ளும், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். வாடியில் இதற்கு நான் திரையில் மருந்து தேடிக் களைத்து, கடைசியில் இலக்கப் பலகை உள்ள ஒரு சின்னக் கீபோர்ட்டை உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். தீர்வு சில சமயம் திரைக்கு வெளியே இருக்கும்.

நிறத்தால் மட்டும் எதையும் சொல்லாதீர்கள். கடன் உள்ளவருக்குச் சிவப்புப் புள்ளி, இல்லாதவருக்குப் பச்சைப் புள்ளி என்றால், அந்த இரண்டையும் பிரித்தறியாத கண்ணுக்கு இருவரும் ஒன்று. பக்கத்தில் ‘கடன்’ என்று எழுதுங்கள்.

“ஆள் வந்து நிக்கிறார், அறை இல்ல”

இது விடுதிகளுக்கு. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர்வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஆட்கள் நிறையும் காலத்தில் இந்த அறிகுறி வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். 05/08 என்பது நமக்கு ஓகஸ்ட் 5, ஓர் அமெரிக்கருக்கு மே 8. மாதத்தை எப்போதும் எழுத்தால் காட்டுங்கள், கிழமையையும் சேர்த்து. வந்து போகும் இரண்டு நாளைக் கேட்டால் ‘3 இரவுகள்’ என்று திரை தானே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பிழை விட்டவர் அந்த எண்ணைக் கண்டதும் நின்றுவிடுவார்.

“இன்னொரு பட்டன் போட்டுத் தாங்க”

கேட்டதைச் செய்து கொடுப்பது நல்ல குணம்தான், ஆனால் இங்கே அது நோயை வளர்க்கும். கிண்ணியாப் பலசரக்குக் கடை நானா முதலில் ‘இன்றைய கடன்’ என்று ஒரு பொத்தான் கேட்டார். போட்டேன். பிறகு ‘இந்தக் கிழமைக் கடன்’. அதையும் போட்டேன். பிறகு ‘பெரிய கடன்’. மூன்றாவதில்தான் எனக்கு உறைத்தது. “நானா, கடைசியா இது எப்ப தேவைப்பட்டது, என்ன நடந்தது?” என்று கேட்டேன். முந்தின நாள் ஒருவர் சாமான் கேட்டு வந்திருக்கிறார். அவருக்கு எவ்வளவு பாக்கி என்று உடனே பார்க்க முடியவில்லை, ஆள் முன்னால் நிற்கும்போது பட்டியல் பட்டியலாகத் தேடுவது மரியாதையாகவும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது சிட்டை போடும்போது பெயருக்குப் பக்கத்திலேயே பாக்கித் தொகை தெரிவது. அதற்கு ஒரு பொத்தானும் வேண்டாம்.

அப்படியானால் அதை எப்படி வரைவது என்று அங்கேயே பார்த்தோம். கொம்பியூட்டரில் இல்லை, தாளில். நிறம் போட்டு அழகாகச் செய்த படத்தைக் காட்டினால் ஆட்கள் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், ‘எல்லாம் முடிஞ்சு போச்சு, ஏன் குறை சொல்லுவான்’ என்றும் நினைப்பார்கள். பென்சிலால் வரைந்தால் அவர்களும் பென்சிலை எடுப்பார்கள். ஒரு தாளில் ஒரு திரை. நானா விரலால் பொத்தானை ‘அமத்துவார்’, நான் அடுத்த தாளை எடுத்து வைப்பேன். எந்தத் தாள் என்னிடம் இல்லையோ அது நான் யோசிக்காத திரை. ஒரு தாளைக் கிழித்துப் புதிதாக வரைய ஐந்து நிமிடம், அதையே நிரலாக எழுதிய பிறகு மாற்ற எனக்கு இரண்டு நாள் போயிருக்கும்.

நாலாவது தாளில் நானா பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, நான் முன்பு போட்டுக் கொடுத்த இரண்டு பொத்தான்களையும் வெட்டினார். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் கீறி, “இதில காசு. வாறவருக்குத் தெரியக் கூடாது, எனக்கு மட்டும்” என்றார். திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தொகை தானாகத் தெரியாமல், நானா ஒரு விசையை அமத்திப் பிடிக்கும்வரை மட்டும் தெரியும்படி செய்து, மேசையில் திரையையும் அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.